வாயிலோன்

'பிராக்ஸி' என்ற சொல்லை அறியாத மாணவர் எவரும் நம் பல்கலைக் கழகத்தில் இருக்க முடியாது. காலை எட்டு மணி வகுப்பில் பேராசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்கும்போது, விடுதியில் போர்வைக்குள் கிடக்கும் ஒருவனுக்காக வகுப்பில் இருக்கும் இன்னொருவன் குரலை மாற்றிக்கொண்டு "பிரஸன்ட் சார்" என்கிறானே, அந்தத் திருப்பணிக்குத்தான் நாம் அப்பெயரைச் சூட்டியிருக்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் உலகில் அதே பெயருடன் கண்ணியமான உத்தியோகம் ஒன்று உண்டு. அதைப் பற்றியும், அந்த உத்தியோகத்தில் ஒரே ஒரு சொல் விடுபட்டதால் ஒரு நல்ல மனிதருக்கு நேரவிருந்த தீங்கைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன். நான் பௌதிக மாணவன். கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவன் அல்லன். ஆகவே எனக்கு விளங்கிய வகையிலேயே சொல்கிறேன்.

முதலில் பெயர் விளக்கம். நாம் ஓர் இணையதளத்தைப் பார்க்க விரும்பும்போது, நமக்காக முன்னே சென்று, தன் பெயரால் கேட்டு வாங்கி வருகிற யந்திரம் சாதாரண பிராக்ஸி. பல கல்லூரி விடுதிகளில் 'ஸ்க்விட்' என்ற மென்பொருள் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்து வந்தது. இதைக் கேட்பவர் தரப்பு வக்கீல் என்று சொல்லலாம். இதற்கு நேர்மாறாக, கொடுப்பவர் தரப்பில் வாசலில் நின்று, வருவோரின் கோரிக்கையை வாங்கி, உள்ளே இருப்பவரிடம் சேர்ப்பித்து, அவர் தரும் பதிலைக் கொண்டு வந்து கொடுப்பது 'ரிவர்ஸ் பிராக்ஸி'. வருகிறவர் உள்ளே இருப்பவரைக் காண்பதில்லை. உள்ளே இருப்பவரும் வருகிறவரைக் காண்பதில்லை. இருவரும் காண்பது வாசலில் நிற்பவரை மட்டுமே. இந்த விஷயத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் நடந்தவை அனைத்துக்கும் இதுவே காரணம்.

வாசலில் இப்படி ஒருவர் எதற்கு, உள்ளே இருப்பவரே நேரில் வந்து பேசினால் என்ன என்று கேட்கலாம். பைத்தன் மொழியில் எழுதிய ஒரு சிறு செயலியை எடுத்துக்கொள்வோம். அதை இயக்குவதற்குக் 'குனிகார்ன்' என்றொரு மென்பொருள் உண்டு. அது தன்னிடம் சில வேலையாட்களை வைத்துக்கொள்கிறது. யந்திரத்தின் மூளையில் எத்தனை கூறுகள் உண்டோ அதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, அத்தனை பேர் போதும் என்று அதன் கையேடு சொல்கிறது. நான்கு கூறுகள் இருந்தால் ஒன்பது வேலையாட்கள். சாதாரண ஏற்பாட்டில் ஒரு வேலையாள் ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் கவனிப்பான். இப்போது, ஓடும் ரயிலில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, அலை வருவதும் போவதுமாக இருக்கும் ஒரு மாணவர் உள்ளே வருகிறார். அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகிறது. அதுவரை அந்த வேலையாள் வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்படி ஒன்பது பேர் வந்துவிட்டால் கடையே ஸ்தம்பித்துவிடும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் வாசலில் ஆள் வேண்டும். 'எஞ்ஜின்-எக்ஸ்' என்ற மென்பொருள் இந்தப் பணியில் பெயர் பெற்றது. ரஷ்யரான ஈகோர் சிஸோயெவ் எழுதி 2004-ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தது. ஒரே யந்திரத்தில் ஒரே சமயத்தில் பதினாயிரம் பேரைத் தாங்க முடியுமா என்பது அக்காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்கு ஒரு விடையாகவே அது பிறந்தது. மெதுவாகப் பேசுபவர் பேசி முடிக்கும் வரையில் பொறுமையாகக் கேட்டு, முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே உள்ளே ஒரே மூச்சில் சொல்லும். உள்ளிருந்து வரும் பதிலையும் சட்டென்று வாங்கிக்கொண்டு வேலையாளை விடுவித்துவிட்டு, கேட்டவருக்கு அவர் வேகத்திலேயே ஊட்டும். படங்கள், அலங்காரக் கோப்புகள் போன்ற மாறாத சரக்குகளை உள்ளே கேட்காமல் தானே எடுத்துக் கொடுத்துவிடும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. உலகத்தார் இணையதளங்களைத் தட்டும் கதவுகளுக்கு எண் உண்டு: சாதாரணப் பேச்சுக்கு 80, ரகசியப் பேச்சுக்கு 443. யூனிக்ஸ் வழிவந்த யந்திரங்களில் 1024-க்குக் குறைந்த எண்ணுள்ள கதவுகளைத் திறக்க, வழக்கமாக அதிகாரம் பெற்றவருக்கே உரிமை. நாம் எழுதிய செயலிக்கு அவ்வளவு அதிகாரம் கொடுப்பது விவேகம் ஆகாது. அது உள்ளே 8000 என்ற கதவருகே அடக்கமாக இருக்கலாம். இரண்டாவது, ரகசியப் பேச்சுக்கு வேண்டிய சான்றிதழ். 2015-ஆம் ஆண்டின் இறுதியில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, அச்சான்றிதழை எவரும் காசில்லாமல் பெறலாம். அதை வாசலில் இருப்பவர் ஒருவர் வைத்திருந்தால் போதும். உள்ளே பத்துச் செயலிகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனியே வேண்டியதில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் எக்ஸ்-ரே டிஃப்ராக்டோமீட்டர் ஒன்று இருக்கிறது. தூளாக்கிய பொருளின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அதன் படிக அமைப்பைக் கண்டறியும் கருவி. சில அளவைகள் அரை மணியில் முடியும். நுணுக்கமானவற்றுக்கு இரவு முழுவதும் வேண்டும். கருவி ஒன்று, கேட்பவரோ பலர். ஆகவே இன்னின்ன இரவு இன்னாருக்கு என்று பதிவு செய்துகொள்ள ஒரு செயலி உண்டு. பழைய ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எழுதி நிறுவியது. அவர் டாக்டர் பட்டம் பெற்று வெளிநாடு சென்றுவிட்டார். செயலி கருவி அறையில் உள்ள யந்திரத்தில் இருந்தது. அந்த அறையின் கம்பி வலை தனி வலை, வெளியுலகோடு தொடர்பில்லாதது. ஆகவே அவர், தம் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரை அந்தத் தனி வலையோடும் வெளி வலையோடும் இணைத்து, அதில் எஞ்ஜின்-எக்ஸை வாயிலோனாக அமர்த்தியிருந்தார். வெளியிலிருந்தும் எட்டக்கூடிய முகவரி அந்த ஒரு யந்திரத்துக்குத்தான் இருந்தது. அவர் போன பிறகு, மேஜையும் அதன் மீதிருந்த யந்திரமும் ஓர் ஒடியா நண்பருக்கு ஒதுக்கப்பட்டன. அவரை நாங்கள் 'பாயினா' என்று அழைப்போம்; அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள். நான்கு வருஷமாக ஆராய்ச்சி செய்பவர். அதிகம் பேசமாட்டார்.

ஒரு பருவத்தில், கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி மாணவியின் பதிவுகள் தொடர்ந்து மூன்று முறை ரத்தாயின. அவரை எல்லோரும் 'தீதி' என்பார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் அவசரத்தில் இருந்தவர். இரவு ஒன்பது மணிக்கு மாதிரிப் பொருளை எடுத்துக்கொண்டு கருவி அறைக்கு வருவார். அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார். முதல் தடவை தம் மறதி என்று எண்ணினார். இரண்டாம் தடவை சந்தேகப்பட்டார். மூன்றாம் தடவை கண்ணீருடன் பேராசிரியரிடம் போனார். அவர் மீது யாரும் குற்றம் சொல்ல முடியாது.

செயலியில் கடவுச்சொல் எல்லாம் கிடையாது. ஒரே குடும்பம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. ஆனால் யார் எப்போது எந்த முகவரியிலிருந்து வந்தார் என்று ஒரு தினக்குறிப்பு எழுதிவந்தது. அதை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தான மூன்று வரிகளிலும் 192.168.1.5 என்ற எண் இருந்தது. அது எந்த யந்திரம் என்று தேடினார்கள். பாயினாவின் மேஜையில் இருந்த யந்திரம்!

கூட்டம் கூடியது. ஒரு மாதத்துக்கு முன் கருவி நேரம் குறித்து அவருக்கும் தீதிக்கும் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது பலருக்கு நினைவு வந்தது. அவர் எழுந்து, "நான் செய்யவில்லை" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விசாரணை முடியும் வரையில் அவர் கருவியைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. ஆராய்ச்சி மாணவருக்கு இது என்ன தண்டனை என்பது விஞ்ஞானம் படிப்பவர்களுக்குத் தெரியும். உதவித் தொகைக்கு வருஷக் கணக்கு உண்டு. காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. அதைவிடக் கொடுமை, அன்று மாலை தேநீர்க் கடையில் அவர் அமர்ந்த பெஞ்சில் வேறு யாரும் அமரவில்லை.

கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப உதவியாளர் ஒரு வயதான பஞ்சாபிக்காரர். எங்களை எல்லாம் 'பேட்டா' என்பார். நாங்கள் அவரை 'அங்கிள்ஜி' என்போம். விசாரணைக்காக அந்தத் தினக்குறிப்பு முழுவதையும் அச்செடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டார். காகிதங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது, சும்மா இராமல் என் பெயரைத் தேடினேன். முந்திய வாரம் விடுதி அறையில் படுத்தபடியே, என் கைப்பேசியிலிருந்து ஓர் அரை மணி நேரம் பதிவு செய்திருந்தேன். அந்த வரி இருந்தது. அதன் பக்கத்தில் 192.168.1.5 என்றும் இருந்தது!

மேலும் புரட்டினேன். எல்லாருடைய வரியிலும் அதே எண். பாயினா அந்த மேஜைக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட வரிகளிலும் அதே எண். அங்கிள்ஜியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "அப்படியானால் பேட்டா, இந்தக் காகிதத்தின்படி நாம் எல்லோருமே அவன்தானா?" என்றார். அதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது.

நடந்தது இதுதான். உள்ளே இருக்கும் செயலியோடு நேரில் பேசுவது வாயிலோன் ஒருவனே. ஆகவே "வந்தவர் யார்?" என்று செயலி திரும்பிப் பார்க்கும்போது, அதன் கண்ணுக்குத் தெரிவது வாயிலோன் முகம்தான். உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவர் வந்தாலும் அது வாயிலோனின் எண்ணைத்தான் எழுதி வைக்கும். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. வாயிலோன் கோரிக்கையை உள்ளே தரும்போது, அதன் தலைப்பில் "இன்ன முகவரியிலிருந்து வந்தவருக்காக" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்பது அந்த வரியின் பெயர். முன்பு சொன்ன ஸ்க்விட் மென்பொருளில் தோன்றி வழக்கமாகப் பரவியது. 2014-ஆம் ஆண்டில் இதே நோக்கத்துக்காக 'ஃபார்வர்டட்' என்ற பெயரில் முறையான விதியும் வகுத்தார்கள். எஞ்ஜின்-எக்ஸ் இந்த வரியைத் தானாகச் சேர்ப்பதில்லை. சேர் என்று நாம் எழுதி வைக்க வேண்டும். எங்கள் யந்திரத்தில் அது எழுதப்படவில்லை.

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு காட்சி நினைவு வரக்கூடும். பாண்டியன் அரண்மனை வாசலில் கண்ணகி வந்து நிற்கிறாள். வாயிலோன் உள்ளே ஓடி, "யாரோ ஒருத்தி வந்திருக்கிறாள்" என்று மட்டும் சொல்லவில்லை. அவள் கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று சொல்லி, கையில் ஒற்றைச் சிலம்பு ஏந்தியவள், கணவனை இழந்தவள் என்று, தான் கண்டது முழுவதையும் அரசன் செவியில் சேர்க்கிறான். அவன் தன் கடமையைச் செய்தான். அதனால்தான் வழக்கு வழக்காக நடந்தது; சிலம்பு உடைந்தது; முத்தா மாணிக்கமா என்பது வெளிப்பட்டது. ஆனால் அதற்கு முந்திய தீர்ப்பு எப்படி நடந்தது? கையில் சிலம்பு இருக்கிறது, ஆகவே கள்வன் என்று, ஒரு பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு முடித்துவிட்டார்கள். மேஜையில் எண் இருக்கிறது, ஆகவே குற்றவாளி என்பதும் அந்த ஜாதித் தீர்ப்பே அல்லவா?

செயலிக்குத் தெரியாதது வாயிலோனுக்குத் தெரியும். எஞ்ஜின்-எக்ஸ் தனக்கென்று ஒரு தினக்குறிப்பு எழுதுகிறது. அதில் வந்தவரின் உண்மையான முகவரி, நேரம், கேட்ட பக்கம், அவர் உபயோகித்த மென்பொருளின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆனால் லினக்ஸ் யந்திரங்களில் இத்தகைய குறிப்புகளை என்றென்றும் வைத்திருப்பதில்லை. உபுண்டு, டெபியன் வகைகளின் வழக்கமான ஏற்பாட்டில் நாளுக்கு ஒரு கோப்பாக மாற்றி, பதினான்கு பழைய கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கும் முந்தியதை அழித்துவிடும். முதல் ரத்து நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தக் கோப்பு போய்விட்டது. இரண்டாவது ரத்தின் கோப்புக்கு இன்னும் இரண்டு நாள்தான் ஆயுள். அங்கிள்ஜி அன்று மாலையே பேராசிரியரை அழைத்து வந்தார். பாயினா அந்த யந்திரத்தின் அருகே வரவே இல்லை. கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அங்கிள்ஜி கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தார். பேராசிரியர் பக்கத்தில் அமர்ந்து தாமே படித்தார்.

இரண்டாவது ரத்தும் மூன்றாவது ரத்தும் வெளியுலகத்து முகவரி ஒன்றிலிருந்து வந்திருந்தன. எங்கள் வளாகத்து எண்ணே அல்ல. இரண்டுமே தீதி பதிவு செய்த ஒரு நிமிஷத்துக்குள் நடந்தவை. அந்த ஒரு நிமிஷம் செயலியின் தினக்குறிப்பிலும் எல்லார் கண்ணெதிரேயும் இருந்தது. மேஜை எண் கிடைத்த பிறகு நேரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

காரணம் இன்னொரு நாள் தேடிய பிறகு தெளிவாயிற்று. பதிவு செய்தவுடன் செயலி ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அதன் அடியில் "ரத்து செய்ய இங்கே தொடவும்" என்று ஓர் இணைப்பு இருக்கும். தீதி அந்த மாதம்தான் தம் அஞ்சல் முகவரியை மாற்றி, தமக்கு உதவித் தொகை தரும் நிறுவனத்தின் முகவரியைக் கொடுத்திருந்தார். அங்கே ஓர் அஞ்சல் காவல் மென்பொருள், வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் உள்ள இணைப்புகளைத் தானே திறந்து பார்த்து, தீங்கானதா என்று சோதித்துவிட்டுத்தான் உரியவரிடம் சேர்ப்பிக்கும். அது திறந்து பார்த்தது, பதிவு ரத்தாகிவிட்டது! வெறுமனே பார்ப்பதற்கான 'கெட்' என்ற கோரிக்கையால் எதையும் மாற்றக் கூடாது, மாற்றுவதற்கு 'போஸ்ட்' போன்ற வேறு கோரிக்கையை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இணையத்தின் பழைய விதி. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்திய விதிநூலும் அதையே சொல்கிறது. ஆக, மூன்று வாரமாக நாங்கள் தேடிய கள்வன் ஒரு மனிதனே அல்லன்.

பிறகு செய்த சீர்திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தகைய வேலையில் இருக்கும் சங்கத்து நண்பர்களுக்குப் பயன்படலாம். வாயிலோன் உள்ளே சொல்ல வேண்டியவை மூன்று. வந்தவர் எந்தப் பெயரைச் சொல்லித் தளத்தைக் கேட்டார், எந்த முகவரியிலிருந்து வந்தார், சாதாரண வழியில் வந்தாரா ரகசிய வழியில் வந்தாரா என்பவை அவை. முதலாவதைச் சொல்லாவிட்டால் செயலி தன் உள்வீட்டு முகவரியைக் கொண்டு இணைப்புகளை எழுதி அனுப்பும். வெளியில் உள்ளவருக்கு அவை திறவா. மூன்றாவதைச் சொல்லாவிட்டால், "ரகசிய வழியில் வா" என்று செயலி மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பி, வந்தவரை வட்டமிட வைத்துவிடும். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. "இன்ன முகவரிக்காக" என்ற வரியை வருகிறவரே பொய்யாக எழுதிக்கொண்டு வரவும் முடியும். எஞ்ஜின்-எக்ஸின் வழக்கமான ஏற்பாடு, வந்த வரியை அழிக்காமல் அதன் வலது கோடியில் தான் கண்ட முகவரியைச் சேர்க்கும். ஆகவே இடது பக்கம் இருப்பதை நம்பக் கூடாது. நம் வாயிலோன் தன் கையால் எழுதிய கடைசி முகவரியைத்தான் நம்ப வேண்டும். பைத்தன் செயலிகளுக்கு 'பிராக்ஸி ஃபிக்ஸ்' என்ற சிறு துணைக்கருவி உண்டு. எத்தனை வாயிலோர் என்று அதற்குச் சொன்னால் வலமிருந்து அத்தனை மட்டும் எண்ணும். அதோடு, வாயிலோனைத் தவிர வேறெவரும் செயலியின் கதவைத் தட்ட முடியாதபடி தடுப்பும் போட வேண்டும். பின்வாசல் திறந்திருந்தால் முன்வாசல் காவலால் என்ன பிரயோஜனம்?

மற்றவை சில்லறை விஷயங்கள். 502 என்ற எண் வந்தால் பெரும்பாலும் உள்ளே செயலி படுத்துவிட்டது என்று அர்த்தம். 504 என்றால் செயலி பதில் சொல்லத் தாமதிக்கிறது. வழக்கமாக அறுபது விநாடிதான் வாயிலோன் காத்திருப்பான். 413 என்றால் கொண்டு வந்த மூட்டை பெரிது. நாம் மாற்றாத வரையில் ஒரு மெகாபைட்டுக்கு மேல் அவன் அனுமதிப்பதில்லை. எழுதியதை மாற்றியதும் உடனே அமல்படுத்தாமல், முதலில் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பிழை இல்லை என்று கண்ட பிறகு ஏற்ற வேண்டும். ரத்து இணைப்பைத் தொட்டால் இப்போது, "நிச்சயமாகவா?" என்று கேட்கும் பக்கம் ஒன்று வருகிறது, அதில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் ரத்தாகும். வாயிலோனின் குறிப்புகளை மூன்று மாதம் வைத்திருக்கவும் ஏற்பாடு ஆயிற்று. யந்திரமும் ஒருவர் மேஜையை விட்டு அலமாரிக்குப் போய்விட்டது.

மறுநாள் பேராசிரியர் கூட்டத்தைத் திரும்பக் கூட்டி, எல்லார் முன்னிலையிலும் தீர்ப்பை மாற்றினார். அது பெருந்தன்மை. தீதி தமக்குக் கிடைத்த அடுத்த இரவில் பாதியைப் பாயினாவுக்கு விட்டுக்கொடுத்தார். பாயினா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு வாங்கிக்கொண்டார்.

செயலி எழுதுகிறவர்களும் அதை நிறுவுகிறவர்களும் நம்மில் பலர் இருக்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு, நூலகப் பதிவு, தேர்தல் வாக்கு என்று எத்தனையோ காரியங்கள் இன்று இத்தகைய வாசல்களின் பின்னால் நடக்கின்றன. அவற்றின் தினக்குறிப்பை ஒரு நாள் யாரேனும் சாட்சியாக எடுத்து வைப்பார்கள். அன்றைக்கு அது உண்மை பேச வேண்டுமானால், இன்றைக்கே அந்த ஒரு வரியை எழுதி வையுங்கள். எழுதிய பிறகு, உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு முறை உள்ளே போய், குறிப்பில் உங்கள் எண்தான் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.